நோயைப் பார்த்துப் பாவத்தைப் படிக்க முடியுமா?

வாசகர் கேள்வி – பதில்

நோயும் பாவமும் பற்றிப் பெங்களூரின் பல பகுதிகளிலிருந்து வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். எழுதியவர்களில் கத்தோலிக்கரும் உண்டு, சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபையினரும் உண்டு. வசன எண்களைக் கொடுத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் இருக்கும் வேதாகமத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் கணவருக்கு வயது 52. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. எங்கள் ஜெபக்குழுவில் ஒரு சகோதரர், "அறிக்கையிடாத பாவம் ஏதோ இந்த வீட்டில் இருக்கிறது. மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபியுங்கள், மெஷினே தேவைப்படாது" என்கிறார். அன்றிலிருந்து கணவர் தூங்குவதே இல்லை. பாவத்தால்தான் நோய் வருகிறதா?
— வாசகி, லிங்கராஜபுரம்

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறோம். டயாலிசிஸை ஒரு முறைகூடத் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீரகம் நின்றுபோனவரின் உடலிலிருந்து பொட்டாசியமும் தேங்கும் நீரும் வெளியேற அந்த மெஷினைவிட்டால் வேறு வழி இல்லை. பொட்டாசியம் ஏறினால் முன்னறிவிப்பே இல்லாமல் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடக்கூடும். நீர் நுரையீரலில் தேங்கினால் படுக்கவே முடியாதபடி மூச்சு வாங்கும். உபவாசத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இளநீர், பேரீச்சம்பழம், ஆரஞ்சு ஜூஸ் இவற்றில்தான் நம் வீடுகளில் உபவாசத்தை முடிப்பார்கள். மூன்றிலும் பொட்டாசியம் அதிகம். உபவாச ஒழுங்கை மிகக் கறாராக வைத்திருக்கும் கத்தோலிக்கத் திருச்சபையே 18 வயதுக்குக் கீழும் 59-க்கு மேலும் உள்ளவர்களுக்கு அந்தக் கடமையை வைக்கவில்லை; நோயாளிகளுக்கு எந்த வயதிலும் விலக்கு உண்டு.

இனி உங்கள் கேள்வி. பாவத்துக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று வேதம் சொல்வதில்லை. மூன்று வகையில் தொடர்பைச் சொல்கிறது. அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் உங்கள் வீட்டில் நடந்தது போன்ற கொடுமை நடக்கிறது.

ஒன்று, ஆதாமின் வழியாக உலகத்தில் பாவமும் மரணமும் நுழைந்தன என்று ரோமர் 5:12 சொல்வது. சிருஷ்டி முழுவதும் பிரசவ வேதனைப்படுகிறது என்று அதே கடிதத்தின் 8:22 சொல்கிறது. இது மனித குலம் முழுவதையும் பற்றிய பேச்சு. நேற்றுப் பிறந்த குழந்தைக்கும், நாள் தவறாமல் பூசைக்குப் போகும் பாட்டிக்கும், உங்கள் ஜெபக்குழுச் சகோதரருக்கும் ஒரே அளவில் பொருந்தும். இதை வைத்து உங்கள் கணவரை மட்டும் சுட்டிக்காட்ட இடமே இல்லை.

இரண்டு, செயலும் விளைவும். வருடக்கணக்கில் குடித்தால் கல்லீரல் கெடும். இங்கே தண்டனை தர வானத்திலிருந்து யாரும் வரத் தேவையில்லை. உடலின் இயல்பே அதுதான். சிறுநீரகம் செயலிழக்க மிகப் பொதுவான காரணங்கள் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும். இரண்டும் ஒழுக்கமாக வாழ்ந்தவருக்கும் வரும். மருந்தை அலட்சியப்படுத்திய காலம் ஒன்று இருந்திருந்தால் அதைப் பேச வேண்டிய இடம் டாக்டரின் அறை. அடுத்தவர் பாவத்தால் நோயாளி ஆகிறவர்களும் உண்டு. குடித்துவிட்டு லாரி ஓட்டியவனின் பாவத்தை, அடிபட்டவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுமக்கிறார்.

மூன்று, தண்டனையாகவே வந்த நோய். வேதத்தில் அதுவும் இருக்கிறது. மோசேக்கு விரோதமாகப் பேசிய மிரியாம் (எண்ணாகமம் 12), பேராசைப்பட்ட கேயாசி (2 இராஜாக்கள் 5), ஆலயத்தில் வரம்பு மீறிய உசியா ராஜா (2 நாளாகமம் 26), மூவருக்கும் தோல் நோய் வந்தது. இந்த மூன்று இடங்களிலும் என்ன பாவம் என்பதை வேதமே வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது. "ஏதோ ஒரு பாவம் இருக்கும், தேடுங்கள்" என்று எங்கேயும் இல்லை. கேயாசிக்கு அந்தத் தண்டனையைச் சொன்ன எலிசா தீர்க்கதரிசியே கடைசியில் நோய்வாய்ப்பட்டுத்தான் இறந்தார் (2 இராஜாக்கள் 13:14). தோல் நோயாளியான நாகமானைக் குணமாக்கியவர் அவர். அவருடைய நோய்க்கு எந்தப் பாவமும் காரணமாகச் சொல்லப்படவில்லை.

ஆகவே பாவத்திலிருந்து நோய்க்குப் போகிற பாதை சில இடங்களில் காட்டப்பட்டிருக்கிறது. நோயிலிருந்து பாவத்துக்குத் திரும்பி வருகிற பாதையை வேதம் அடைத்தே வைத்திருக்கிறது. அந்தப் பாதையில் போகப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் தவறியிருக்கிறார்கள்.

பிறவிக் குருடனைப் பார்த்து, "இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா?" என்று சீஷர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9:1–3). தேவனுடைய கிரியைகள் வெளிப்படும்பொருட்டு என்று அடுத்து வருவதைப் படித்து, காட்சிப்பொருளாக்கவா ஒருவனைக் குருடனாகப் படைத்தார் என்று சிலர் வருந்துவதுண்டு. மூல கிரேக்கச் சுவடிகளில் இன்றைய நிறுத்தக்குறிகள் கிடையாது. அந்த வாக்கியத்தை அடுத்த வசனத்தோடு சேர்த்து, "தேவனுடைய கிரியைகள் இவனிடத்தில் வெளிப்பட, பகற்காலத்திலேயே நாம் வேலை செய்ய வேண்டும்" என்று படிக்கும் அறிஞர்கள் உண்டு. எப்படிப் படித்தாலும் இயேசு விசாரணையை நிறுத்திவிட்டுச் சேற்றைக் குழைத்து அவன் கண்ணில் பூசப் போய்விட்டார்.

சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13:4–5). மனந்திரும்புங்கள் என்ற எச்சரிக்கை அங்கே உண்டுதான். அது நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சொன்னது. மெலித்தா தீவில் பவுலின் கையில் விரியன் பாம்பு கவ்வியதும், இவன் கொலைகாரனாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள் ஊரார். அவர் வீங்கவில்லை என்றதும் தெய்வம் என்றார்கள் (அப்போஸ்தலர் 28:3–6). அடுத்தடுத்து இரண்டு தவறு.

யோபு நோயில் விழுந்தபோது பார்க்க வந்த நண்பர்கள்தான் இந்தத் தவறை நீட்டி முழக்கியவர்கள். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும் பக்திமான்கள். அவர்கள் சொன்ன வாக்கியங்களைத் தனியே எடுத்தால் பல அழகானவை, சுவரில் மாட்டலாம். கடைசி அதிகாரத்தில் தேவன் கோபப்படுவது அவர்கள்மேல்தான்: என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாகப் பேசவில்லை (யோபு 42:7). ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் பலியிட்டு, யோபு அவர்களுக்காக வேண்டிக்கொண்ட பிறகுதான் மன்னிப்பு. நோயாளிக்காக ஜெபிக்க வந்தவர்களுக்காக நோயாளி ஜெபிக்க வேண்டியதாயிற்று.

அந்தச் சகோதரர் மூன்று வசனங்களை எடுத்துக்காட்டக்கூடும். "இனிப் பாவம் செய்யாதே, அதிகக் கேடானது வராதபடிக்கு" என்பது ஒன்று (யோவான் 5:14). 38 வருடம் படுத்திருந்தவனை முதலில் எழுப்பிவிட்டு, பிற்பாடு தேவாலயத்தில் கண்டபோது அவனிடமே சொன்னது அது. குணமாக்கும் முன் எந்த அறிக்கையும் கேட்கப்படவில்லை. இரண்டாவது, "உங்களில் அநேகர் பலவீனரும் வியாதியுள்ளவர்களுமாயிருக்கிறார்கள்" என்ற 1 கொரிந்தியர் 11:30. அங்கே பவுல் கண்டிக்கும் குற்றம், திருவிருந்தில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டு ஏழைகளைப் பசியோடு வெட்கப்படுத்தியது. சபை முழுவதையும் கண்டிக்கிறார்; எந்த நோயாளியையும் பெயர் சொல்லிக் காட்டவில்லை. மூன்றாவது யாக்கோபு 5:14–16. அதில் "அவன் பாவஞ்செய்தவனானால்" என்ற சொல்லை விரல் வைத்துப் படியுங்கள். அந்த 'ஆனால்' முக்கியம். பாவம் செய்திருந்தால் மன்னிக்கப்படும் என்கிறது. செய்திருக்கிறான் என்று சொல்லவில்லை. அடுத்த வரியில் "ஒருவருக்கொருவர்" அறிக்கையிடச் சொல்கிறது. கட்டிலில் கிடப்பவர் மட்டும் அறிக்கையிட, சுற்றி நிற்பவர்கள் கேட்டுக்கொண்டிருப்பது அந்த வசனத்தில் இல்லை.

உங்கள் கணவரின் மனசாட்சியை ஏதாவது உறுத்தினால் அதை அவரே முடிவு செய்யட்டும். கத்தோலிக்கர் என்றால் பங்குத்தந்தையிடம் பாவசங்கீர்த்தனம். மற்ற சபையினர் என்றால் போதகரிடம் தனியாக. ஜெபக்குழுவின் நடுவில் வேண்டாம். அங்கே சொன்னது வாட்ஸ்அப்பில் வர அரைமணி நேரம் ஆகாது. உறுத்தல் எதுவும் இல்லையென்றால் தோண்டித் துருவ வேண்டாம். தேடினால் எந்த மனிதனுக்கும் ஒரு பாவம் கிடைக்கும். அதுதான் காரணம் என்பதற்கு அது சாட்சி ஆகாது. குழுவினரிடம் நீங்கள் ஒன்றைத் தெளிவாகச் சொல்லலாம்: "ஜெபிக்க வாருங்கள், டயாலிசிஸ் இல்லாத நாளில் வாருங்கள், காரணம் சொல்ல வராதீர்கள்."

கேள்வி: நான் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவள். மூத்த பையனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இப்போது எட்டு மாதப் பெண் குழந்தையும் சத்தத்துக்குத் திரும்புவதில்லை. பரம்பரைச் சாபம், அதை முறிக்கத் தனி ஜெபம் வேண்டும், காணிக்கை இவ்வளவு என்கிறார் ஒருவர்.
— வாசகி, சிவாஜிநகர்

பதில்: காணிக்கை கொடுக்காதீர்கள். குழந்தையை இந்த வாரமே காது பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.

அவர் காட்டும் வசனம் யாத்திராகமம் 20:5 ஆக இருக்கும், பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறைவரை பிள்ளைகளிடத்தில் விசாரிப்பது பற்றியது. "என்னைப் பகைக்கிறவர்களைக் குறித்து" என்ற சொற்களை விட்டுவிட்டுத்தான் பெரும்பாலும் அதை வாசிப்பார்கள். அடுத்த வசனத்தில் ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் என்று இருப்பதையும் விட்டுவிடுவார்கள். இஸ்ரவேலரே பிற்காலத்தில் இதைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு, அப்பன் தின்ற புளிப்புத் திராட்சையில் பிள்ளையின் பல் கூசுகிறது என்று பழமொழி சொன்னார்கள். அதை இனிச் சொல்லாதீர்கள் என்று எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம் முழுவதும் கண்டிக்கிறது: குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை. கிறிஸ்து நம்மைச் சாபத்திலிருந்து மீட்டுக்கொண்டார் என்கிறது கலாத்தியர் 3:13. அவர் மீட்டதற்கு மேல் முறிக்க என்ன மிச்சம் இருக்கிறது, அதற்கு விலை வேறா? வம்ச குணமாக்கல் என்ற பெயரில் நடக்கும் பூசைகளையும் ஜெபங்களையும் போலந்து நாட்டுக் கத்தோலிக்க ஆயர்கள் 2015-இல் தடை செய்தார்கள், பாவம் தலைமுறை வழியாக இறங்கி நோயாக வரும் என்ற எண்ணம் திருச்சபையின் போதனைக்கு ஒத்துவராது என்பதால்.

"பெத்தவங்க செஞ்ச பாவம் பிள்ளை தலையில" என்று நம் வீடுகளில் வாய் தவறாமல் சொல்கிறோம். கிறிஸ்தவர்களும் சொல்கிறார்கள். அந்தக் குழந்தைகள் கேட்க முடியாவிட்டாலும் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளும். வீட்டில் அந்தப் பேச்சை நிறுத்துங்கள்.

நடந்திருக்கக்கூடியது இது. ஒவ்வொரு ஜீனும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும், அதனால் பெற்றோருக்குக் காது நன்றாகவே கேட்கும். மாமனும் மருமகளும் தங்கள் ஜீன்களில் சராசரியாகக் கால்பங்கைப் பொதுவாக வைத்திருக்கிறார்கள். அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. ஒரே பழுது இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒன்று என்ற கணக்கில் குழந்தைக்கு இரண்டு பிரதியும் பழுதாக வரும். முதல் குழந்தைக்கு வந்ததால் இரண்டாவது தப்பிக்கும் என்ற கணக்கு இதில் இல்லை. பிறவிக் காது கேளாமையில் அடிக்கடி காணப்படுவது கனெக்சின் 26 என்ற புரதத்தின் ஜீனில் வரும் பழுது. சொந்தத்தில் கட்டாதவர்களின் பிள்ளைகளுக்கும் இது வருவதுண்டு.

இதைக் கேட்டதும், மாமனைக் கட்டியதே பாவமா என்று மனது போகும். இல்லை. கத்தோலிக்கத் திருமணச் சட்டம் (1091-ஆம் விதி) மாமன்–மருமகள் உறவில் திருமணத்தைத் தடுக்கிறது என்பது உண்மை. ஆயரிடம் விலக்குப் பெற்று நடந்தால் அது முழுமையான திருமணமே. சட்டத்தில் தடை இருப்பதும் குழந்தைக்கு வரும் நோய் தண்டனை என்பதும் வேறு வேறு.

காதுக்கு ஓ.ஏ.இ., பெரா என்று இரண்டு பரிசோதனைகள். ஊசி, கத்தி எதுவும் இல்லை. குழந்தை தூங்கும்போது எடுப்பார்கள், அதனால் தூக்க நேரம் பார்த்துப் பால் கொடுத்துக் கூட்டிப்போங்கள். பிறந்து ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் காதுக் கருவியும் பயிற்சியும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கெடு. உங்கள் மகளுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் காலம் இதுதான், இன்னும் ஒரு வருடம் சாப முறிப்பில் போனால் அந்தக் காலம் திரும்பாது. மைசூரில் மத்திய அரசின் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. ரயிலில் இரண்டரை, மூன்று மணி நேரம். மூத்தவனையும் கூடவே காட்டுங்கள். இன்னொரு குழந்தை என்று நினைத்தால் அதற்கு முன் மரபியல் ஆலோசனை பெறுங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு வலிப்பு வரும். அசுத்த ஆவி என்று மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். மாற்கு 9-இல் அப்படித்தானே இருக்கிறது?
— வாசகர், ஆஸ்டின் டவுன்

பதில்: மாற்கு 9:21-ஐயும் பாருங்கள். அங்கே அசுத்த ஆவி பிடித்திருந்த பையனின் தகப்பனிடம் இயேசு கேட்டது, "இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலமாயிற்று?" என்பது. நரம்பியல் டாக்டரும் அதைத்தான் முதலில் கேட்பார். என்ன பாவம் செய்தான் என்று இயேசு கேட்கவில்லை. மத்தேயு 4:24-இல் பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள், திமிர்வாதக்காரர் என்று மூன்றாகப் பிரித்தே எழுதியிருக்கிறது. சந்திரரோகம் என்பது வலிப்புக்கு அக்காலப் பெயர். இரண்டும் ஒன்றே என்று சுவிசேஷகர் நினைத்திருந்தால் பிரித்து எழுதியிருக்க மாட்டார். பேயோட்டும் சடங்கை ஆயரின் வெளிப்படையான அனுமதி பெற்ற குரு மட்டுமே செய்யலாம், அதற்கு முன் நோயா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது கத்தோலிக்க ஒழுங்கு.

வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ஒன்றன்பின் ஒன்றாக நிற்காத வலிப்பு வரலாம். அதில் உயிரும் போகும், பிழைத்தாலும் மூளை பாதிக்கப்படலாம். வலிப்பு வரும்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள், நேரம் பாருங்கள். சாவி, இரும்பு, வாயில் துணி எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ், 108. நிம்ஹான்ஸ் என்ற பெரிய மனநல, நரம்பியல் மருத்துவமனை இருக்கும் ஊரில் வலிப்புக்காரரை அறையில் அடைத்துவைத்து ஜெபிப்பது மன்னிக்கக்கூடிய அறியாமை அல்ல. தூக்கமின்மை, பயம், சாகத் தோன்றுவது போன்றவற்றுக்கு 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

கேள்வி: மாத்திரை சாப்பிட்டால் விசுவாசக் குறைவா?
— வாசகி, கம்மனஹள்ளி

பதில்: இல்லை. எசேக்கியா ராஜாவுக்கு 15 வருட ஆயுளைத் தேவன் கூட்டிக் கொடுத்துவிட்டார், வாக்கும் வந்துவிட்டது. அதன் பிறகும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பருவின்மேல் பற்றுப் போடச் சொன்னார் (ஏசாயா 38:5, 21). தீமோத்தேயுவின் வயிற்றுக்கு பவுல் வைத்தியம் சொன்னார் (1 தீமோத்தேயு 5:23). துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). கத்தோலிக்க வேதாகமத்தில் சீராக் 38:1–15-ஐப் படியுங்கள். ஜெபம், பாவத்தை விடுதல், பிறகு மருத்துவருக்கு இடம் கொடுத்தல் என்று மூன்றையும் ஒன்றாகவே அது சொல்கிறது.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது, அடுத்த வாரம் இதய ஆபரேஷன். ஃபாதரைக் கூப்பிட்டு நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் அருட்சாதனம்) கொடுக்கலாம் என்றால், அபசகுனம் என்று அண்ணன் தடுக்கிறார்.
— வாசகர், விவேக்நகர்

பதில்: அண்ணன் நினைப்பது பழைய 'அவஸ்தைப்பூசுதல்' என்ற பெயரால் வந்த பயம். சாகிற நிமிடத்துக்கு மட்டும் உரிய அருட்சாதனம் அல்ல இது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் சொன்னது. 1972-இல் புதிய சடங்கு முறை வந்தது. பெரிய ஆபரேஷனுக்கு முன் பெறலாம், முதுமையில் தளர்ந்தவர் பெறலாம், குணமாகி மறுபடி நோய் வந்தால் மறுபடியும் பெறலாம்.

அட்மிட் ஆவதற்கு முன் வீட்டிலேயே நிதானமாக நடத்துவது நல்லது. பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பினால் அது முதலில். அந்த நேரம் எல்லாரும் வெளியே இருங்கள், அம்மாவுக்குக் காது மந்தம் என்றால் டி.வி.யைப் போட்டுவிட்டுப் போங்கள். பிறகு நெற்றியிலும் இரு கைகளிலும் எண்ணெய், அதன்பின் நற்கருணை. ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, சிலுவை, தீர்த்தம், பஞ்சு, ஒரு டம்ளர் தண்ணீர் போதும். ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும் அறையில் மெழுகுவத்தி ஏற்றவே கூடாது. ஐ.சி.யூ.வில் என்றால் நர்ஸிடம் முன்கூட்டிச் சொல்லி, ஃபாதருக்கு கவுனும் முகக்கவசமும் கேட்டு வையுங்கள். நினைவு தப்பியவருக்கும் கொடுக்கலாம். உயிர் பிரிந்த பிறகு கொடுப்பதில்லை, ஆகவே தள்ளிப்போடுவதில்தான் நஷ்டம்.

கேள்வி: கேன்சர் வந்த நண்பரைப் பார்க்கப் போகிறேன். என்ன பேசுவது?
— வாசகர், அல்சூர்

பதில்: யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை (யோபு 2:13). அவர்கள் சரியாகச் செய்த ஒரே காரியம் அது. பத்து நிமிடம் போதும். சளி, இருமல் இருந்தால் போகாதீர்கள். கீமோ நடப்பவருக்கு வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். "எப்படி வந்தது?", "சிகரெட் பிடிப்பீர்களா?", "இது கர்த்தர் கொடுத்த சோதனை" மூன்றையும் வாசலிலேயே விட்டுவிடுங்கள். அவராகவே "நான் என்ன பாவம் பண்ணேனோ" என்று சொன்னால் அவசரமாக மறுக்கவும் வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். அவர் சொல்லி முடிக்கட்டும். கேட்டால் மட்டும் யோவான் 9-ஐ வாசியுங்கள். ஜெபிக்கலாமா என்று அனுமதி கேட்டு, பக்கத்துக் கட்டில்காரர் காதைப் பொத்தாத குரலில் ஒரு நிமிடம்.

உங்களுக்கு வயது 18 முதல் 60-க்குள், எடை 50 கிலோவுக்கு மேல் என்றால் நண்பருக்காக ரத்த வங்கியில் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) கொடுக்க முடியுமா என்று விசாரியுங்கள். மெஷினில் எடுப்பார்கள், ஒன்றரை மணி நேரம் ஆகலாம். பிளேட்லெட் ஐந்து நாள்தான் தாங்கும், சேர்த்துவைக்க முடியாது. முந்தின மூன்று நாள் ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது.